சீட்டில் இருந்த பெயர்

1942 டிசம்பர் 14ஆம் தேதி, பாகூரில் தையலம்மாளுக்கு நிமோனியா என்று புதுச்சேரி டாக்டர் ஒருவர் மருந்துச் சீட்டு எழுதினார்.

சீட்டில் ஒரே பெயர்தான் இருந்தது: தஜேனான். புதிதாக வந்திருக்கும் பிரெஞ்சு வில்லை, சீக்கிரம் கொடுத்தால் பிழைப்பாள் என்றார். அவள் கணவன் சாமிக்கண்ணு ஏற்கெனவே சந்தையில் சளிக்கென்று ஏதோ பொடியை வாங்கிக் கொடுத்து ஒரு வாரத்தை வீணாக்கியிருந்தான். அதனால், இந்தப் பெயரைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் வாங்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாமிக்கண்ணுவிடம் ஒரு ஜோடி மாடும் கொஞ்சம் குத்தகை நிலமும் இருந்தன. தையலம்மாளின் தோட்டை அடகு வைத்துவிட்டு, கிட்டத்தில் இருக்கிறதே என்று முதலில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இங்கிலீஷ்காரன் ஆளும் கடலூருக்கு நடந்தான்.

கடலூர் மருந்துக் கடைக்காரர் அரங்கநாதன் சீட்டைப் படித்துப் பார்த்து ஒரு புட்டியை எடுத்து வைத்தார். அதில் இங்கிலீஷ் எழுத்தும் 693 என்ற எண்ணும் இருந்தன. பிரெஞ்சுக்காரன் தஜேனான் என்பதை இங்கே இந்த நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள் என்றார். அவர் சொன்ன விலைக்குச் சாமிக்கண்ணுவின் மடியில் பணம் இருந்தது. ஆனால் அவன் கை நீளவில்லை.

"பேரு வேறயா சொல்றீங்களேங்க."

"உன் பேர பிரெஞ்சுக்காரன் இன்னான்னு எழுதியிருக்கான்?"

"சமிகனுன்னு."

"அப்ப நீ வேற ஆளா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொடி விற்றவனும் இப்படித்தான் சிரிக்க வைத்து விற்றான். சாமிக்கண்ணு சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

மறுநாள் புதுச்சேரிக்குப் போனான். சண்டையினால் பிரான்சிலிருந்து கப்பல் வருவதில்லை, கடைசியாக ஒரு குழாய் வில்லைகள்தான் இருக்கின்றன என்றார் அங்கிருந்த கடைக்காரர். அவர் கேட்டது ஒரு மாட்டின் விலை. பாதியாகப் பிரித்துத் தரவும் முடியாது, கடனுக்கும் தர முடியாது என்றார். சாமிக்கண்ணு அவர் காலில் விழுந்தான். அவர் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டை அவிழ்த்தபோது தையலம்மாளுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது.

"ஒத்த மாட்ட வச்சிக்கினு இன்னாத்த உழுவ?"

"இன்னொரு பக்கம் நுகத்தடில நான் பூட்டிக்கிறேன். நீ எழுந்து வந்து ஓட்டு."

அவள் சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

அவசரத்துக்கு விற்றதால் மாடு நல்ல விலைக்குப் போகவில்லை. தோட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்துக் குழாயை வாங்கினான். சாமிக்கண்ணுவுக்குப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். குழாயில் பிரெஞ்சு எழுத்துக்குக் கீழே 693 என்று இருந்தது.

"இது இன்னாங்க நம்பரு?"

இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்வான், இரண்டும் ஒரே மருந்துதான் என்றார் கடைக்காரர்.

பாகூர் வரைக்கும் ஓடினான். வழியில் இரண்டு முறை நின்று குழாயைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்தான்.

தையலம்மாள் இரண்டு வில்லைகளை விழுங்கினாள். மூன்றாவது தொண்டையில் இறங்கவில்லை. அன்று சாயங்காலம் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த பிறகு சாமிக்கண்ணு மீதி வில்லைகளை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனான். மூடி திறந்த குழாயைத் திரும்ப வாங்குவதில்லை என்று கடைக்காரர் சொன்னார்.