முங்காத படகுக்கு ஏழு கேன்கள்

...இதிலும் குமிழி வரவில்லை, அப்படியென்றால் இதுவும் நல்ல கேன்தான், ஸ்டெபானி மூடியை முறுக்கிப் பார்த்துவிட்டு பீப்பாய்த் தண்ணீருக்குள் மறுபடி அழுத்தினாள், சனியன், எவ்வளவு அழுத்தினாலும் திமிறிக்கொண்டு மேலே வருகிறது, வரட்டும், அதற்குத்தானே இத்தனை பாடு... ரப்பர் ஸ்டோருக்கு அமிலம் வந்த கேன்கள், ஸ்டோரில் வேலை செய்யும் மூக்கையா அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது, கழுவிக் கழுவிக் கண்ணெல்லாம் எரிகிறது, காலையில் ரப்பர் பால் வெட்டிய அலுப்பு வேறு. நாளைக்கு இவள் புருஷன் வினோத் இதையெல்லாம் கேகாலையில் பஸ் ஏற்றிக்கொண்டு பேருவளைத் துறைமுகத்துக்குப் போய்விடுவார். அங்கே ஒரு வெள்ளைக்காரனின் பாய்மரப் படகு, மாலைதீவு வரைக்கும் உல்லாசப் பயணமாம், இவருக்கு அதில் சமையல் வேலை. சுனாமி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கடல் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது, என்னைக் கொன்றுபோட்டுவிட்டுப் போங்கள் என்று இவள் ஒரே பிடியாக நின்றாள்தானே? அப்போதுதான் அவர் இந்தக் கேன் கதையை எடுத்தார். "படகுக்காரத் தொரகிட்டப் பேசிட்டேன் புள்ள, படுக்கைக்கு அடியில ரெண்டு பக்கமும் வெத்துக் கேனா அடுக்கி, பழைய சைக்கிள் டியூப் வாரால இறுக்கிக் கட்டிட்டா, ஓட்டை விழுந்து தண்ணி ரொம்புனாலும் படகு முங்காது." கேட்டதும் மனசு கொஞ்சம் இறங்கியது, சரி, போங்கள், ஆனால் நான் பார்த்துத் தரும் ஏழு கேன்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அடுத்த கேனில் மூடியோரம் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது, பார்த்தாயா, இதையும் கட்டியிருந்தால் என்னாவது, அதைத் தூக்கி எறிந்தபோது அவரையே காப்பாற்றிவிட்டது போல ஒரு சந்தோஷம், சிரிப்புக்கூட வந்தது.

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டு, தலையில் துவாயோடு வினோத் வந்தார். இந்த மனிதர் பிறந்ததிலிருந்து பீலிக்கு அடியில் நின்றே குளித்தவர், இந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் யார்தான் அப்படியில்லை, ஆற்றில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லையே... கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் படகு, படகு என்று படகைப் பற்றித்தானே பேசினோம்?

"என்னங்க, ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"படகுதான் முங்காதே, எனக்கெதுக்குப் புள்ள நீச்சல்?"

சிரிக்கிறார். படகு முங்காது, சரி, அது மிதக்கும், எங்கேயாவது மிதக்கும்... கை வழுக்கி இவர் அலைக்குள் விழுந்தால், அது இவர் பக்கத்திலேயே மிதக்குமா? போங்கள் என்று சொன்னது நான்தானே, அவர் இப்போதே பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாரே.