விழுப்புரம் தோற்க வேண்டும்

என் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை கோலி ஆடுகிறவர் என்று சவுரியம்மாள் அத்தை சொன்னதும் அப்பா சாப்பிட்ட கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

"இருபத்தெட்டு வயசு ஆம்பள, ரயில்வேல வேல, கோலி குண்டு உருட்டிக்கினு திரியறானா? அதுக்கு ஒரு டீம் வேறயா?"

"நான் இன்னாத்த கண்டேன்? விழுப்புரம் டீமுக்கு எங்க செபஸ்தியான்தான் கோலின்னு அவங்கம்மா பெருமையா சொல்லுது" என்றார் அத்தை.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் கோலி என்றால் குண்டுதான். எனக்கும் வேறு அர்த்தம் தெரியாது. ஆனால் என் கவலை கோலியில் இல்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். நானேதான் சரி என்று தலையாட்டினேன். அந்த மனுஷனுக்குத் தோற்கத் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. சீட்டாட்டத்தில் தோற்றாலும் அடி, பஸ்ஸைத் தவறவிட்டாலும் அடி, வேலையிடத்தில் யாராவது திட்டினாலும் அடி. எல்லாம் எனக்குத்தான். என் இடது காது மந்தமானதும் அப்பா வந்து என்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் எங்கள் மாதா கோவிலில் கட்டிய தாலிக்கு அவிழ்ப்பு கிடையாது. என் தங்கை அமலோற்பவமேரிக்கும் அப்படி ஒருத்தன் வாய்த்துவிட்டால்? அந்த நினைப்பிலேயே என் தூக்கம் போயிற்று. பெண் பார்க்கும் நாளில் எந்த ஆம்பளையும் கோவிலில் அடக்கமாக நிற்கும் புனிதர் சுரூபம்தான். அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

"அவன் ஆடறதப் போய் பாத்துட்டு வந்துடலாம்பா. நாம யாருன்னு சொல்ல வேணாம்" என்றேன். "ஆட்டம்னா தோக்கறதும் இருக்கும்ல? தோத்தா இன்னா பண்றான்னு பாக்கணும்."

அது எண்பத்தைந்தாம் வருஷத்துத் தை மாதம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் பஸ் ஏறினோம்.

விழுப்புரம் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு மைதானம். குண்டு உருட்டும் ஆட்களைத் தேடிய அப்பாவின் கண்ணில், அரைக்கால் சட்டை போட்ட தடியன்கள் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுவதுதான் பட்டது. வறுத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த கடலைக்காரரிடம் போய், "கோலி ஆடறது எங்கங்க?" என்று கேட்டார்.

"அதோ, கம்பத்துக்கு நடுவுல நிக்கிறாரே, அவருதான் கோலி. பந்து உள்ள போவாம தடுக்கணும். நம்ம செபஸ்தியான்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கவலையைப் பிடித்துக்கொண்டார். "மத்தவன்லாம் நாயா ஓடறான், இவன் மட்டும் சும்மா நிக்கிறானே. சோம்பேறியா இருப்பானோ?"

அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். சுற்றிலும் விழுப்புரத்து ஜனம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எதிரே ஆடிய பண்ருட்டி டீம் ஜெயிக்க வேண்டும் என்று அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அந்தோணியார் கேட்டுவிட்டார். சாதுவாக உருண்டு வந்த பந்து செபஸ்தியானின் கையில் பட்டு, நழுவி, கால் சந்தில் புகுந்து, கிழிந்த வலை வழியாக என் காலடியில் வந்து நின்றது. அவன் ஆட்களே அவனைத் திட்டினார்கள். எனக்கு அது போதவில்லை. எரிகிற நெருப்பில் நானும் எண்ணெய் ஊற்றினேன்.

"கையில வெண்ணெ தடவிக்கினு வந்தியா? வலையிலயும் ஓட்டை, கையிலயும் ஓட்டை! நீயெல்லாம் ஒரு கோலியா? போய் குண்டு உருட்டு!"

ஜனம் சிரித்தது. அவன் திரும்பினான். முகம் கறுத்திருந்தது. நேரே என்னிடம் வந்து ஏதோ சொன்னான். இடது பக்கமாக நின்று சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை. இன்னும் ஒரு எட்டு கிட்டே வந்தான்.

என் கை தானாக மேலே போய் முகத்தை மறைத்துக்கொண்டது. நான் தூக்கவில்லை, அதுவே போயிற்று.

கையை இறக்கியபோது அவன் பின்னால் தள்ளிப் போயிருந்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா," என்றான், இந்த முறை உரக்க. "நெட்டு அங்க கிழிஞ்சிருக்குங்க. பந்து வேகமா வந்தா உங்க மேல பட்டுடும். கொஞ்சம் தள்ளி நின்னுக்கினு திட்டுங்க."

பந்தைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டுத் தள்ளி நின்றேன். திட்டத்தான் வாய் வரவில்லை.

அடுத்த கோலும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது. நான் முதலில் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் மல்லாட்டைக் கூடையைக் கவிழ்த்தது. விழுந்து கிடந்த செபஸ்தியான் எழுந்ததும் பந்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை என்று நான் கையை ஆட்டியதும், மல்லாட்டை பொறுக்கப் போய்விட்டான். ரெப்ரி விசில் ஊதி ஊதி அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது.

விழுப்புரம் தோற்றது. எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே காட்டியிருந்தால் அந்த ஊர் ஜனம் என்னைச் சும்மா விட்டிருக்காது.

பஸ் ஸ்டாண்டில் அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, வந்த பந்தெல்லாம் உள்ள உட்டுட்டானே. சரிப்பட்டு வருமா?"

"குடுத்துடலாம்பா. கண்ண மூடிக்கினு குடுக்கலாம்."

"தோத்துட்டானேம்மா?"

"தோத்துட்டான். நான் வேற வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் கைய பின்னால கட்டிக்கினான்பா."

அப்பா என்னைச் சுற்றி வந்து, காது கேட்கிற பக்கமாக நின்றுகொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"கைய பின்னால கட்டிக்கினான்பா" என்றேன். சொல்லும்போதே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பஸ் வந்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. திண்டிவனத்தில் அப்பா தோளைத் தட்டி எழுப்பும்வரை தூங்கியிருக்கிறேன்.