அறுபத்து நான்கு புள்ளி ஆறு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். கல்லூரியின் தரநிலைக் குழுத் தலைவர், வயதான பேராசிரியர். பயிற்சிப் பள்ளியின் தலைமையாசிரியை. பதிவாளர் அலுவலகத்திலிருந்து குறிப்பெடுக்க வந்த எழுத்தர். மாணவர் ஆலோசகர் அம்மா. என் தம்பி. தம்பியின் மகள். அவளுடைய பெரியப்பாவான நான். இவ்வளவுதான். பெண்ணின் தாய்மாமன் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தார். அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் உண்டு.

நான் எடை அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாக ஏறி எடைக்கல்லைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. பத்து கிராம் குறைந்த கல்லை, பத்து கிராம்தானே என்று சொல்லி எந்த வியாபாரியும் என்னிடமிருந்து திரும்ப வாங்கியதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சிபாரிசில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும் இல்லை.

என் தம்பி லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு ஒரே பெண். நான்கு வயதில் வீட்டிலுள்ள தலையணைகளைச் சுவரோரம் வரிசையாக உட்காரவைத்து, பேசிய தலையணைக்கு அடி கொடுத்தவள். அன்று முதல் அவளுக்கு எங்கள் வீட்டில் டீச்சர் என்றுதான் பெயர். பள்ளி முடிந்ததும், நான்கு வருட ஆசிரியர் பட்டப் படிப்பில் தன் மதிப்பெண்ணாலேயே இடம் வாங்கினாள்.

அந்தப் படிப்பில் ஒரு விதி. மூன்றாம் வருட முடிவில் பத்துத் தொழிற்பாடங்களின் சராசரி அறுபத்தைந்து இருக்க வேண்டும். இருந்தால்தான் நான்காம் வருடம் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி வகுப்பெடுக்க விடுவார்கள். இல்லையென்றால் பெயரைப் பொதுப் பட்டப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆசிரியர் வேலை என்ற பேச்சே கிடையாது. டீச்சருக்கு வந்தது அறுபத்து நான்கு புள்ளி ஆறு.

ஒன்பது பாடங்களில் அவள் நன்றாகவே வாங்கியிருந்தாள். பத்தாவது கணிதம். அதில் நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றின் கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியராகப் போகிறவர்களுக்கென்று ஒரு கணிதப் பாடம் வைத்திருக்கிறார்கள். பின்னம், வகுத்தல், அளவு என்று அதன் தலைப்புகளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சராசரி வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஆலோசகர் அம்மாவின் அறைக்குப் போனேன். ஜன்னலில்லாத சின்ன அறை. மூன்று பக்கமும் ஃபைல். ஒவ்வொரு மாணவருக்கும் கால் மணி நேரம். எனக்கும் கால் மணி நேரம்தான் கொடுத்தார். கணிதத்துறைப் பிள்ளைகள் படிக்கும் பெரிய பாடத்துக்கு எங்கள் பெண்ணை மாற்ற வேண்டும் என்றேன். அது அவளுக்குத் தேவையான பாடமில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் மறுத்துவிட்டார்.

நான் விடவில்லை. மாற்றுப் பாடம் கேட்கும் விண்ணப்பத்தை என் கையால் எழுதினேன். டீச்சரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவள் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தாள், போட்டாள். அப்போதிருந்த துறைத் தலைவரின் அறையில் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்து அனுமதி வாங்கினேன். நான் எழுந்து போனால் போதும் என்றுதான் அந்த மனிதர் கையெழுத்துப் போட்டார் என்பது இப்போது புரிகிறது.

சராசரி வந்த அன்று வீட்டில் பேச்சு வேறு பக்கம் ஓடியது. தாய்மாமன் வீட்டுமனைத் தரகர்; அவருக்குத் தெரியாத ஆளில்லை என்பது அவருடைய கருத்து. புள்ளி நான்குதானே, ஒரு போன் போட்டால் அறுபத்தைந்தாக்கிவிடுவார்கள் என்றார். நான் எழுந்து நின்றேன். என் வீட்டில் அந்தப் போனைப் போட்டால் அதோடு உறவு முடிந்தது என்று சொன்னேன். தம்பி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தம்பி மனைவி காபியை எனக்கு முதலில் கொடுத்தாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

டீச்சர் இதெல்லாம் நடக்கும்போது வீட்டிலேயே இல்லை. ஆலோசகர் அம்மாவோடு உட்கார்ந்து, அவள் சேர்ந்த வருடத்துக் கையேட்டை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வழி இருந்தது. ஆலோசகர் எழுத்து மூலம் மறுத்த மாற்றுப் பாடம், மாணவரின் சொந்த விருப்பத்தால் எடுக்கப்பட்டதல்ல என்று குழுவுக்குத் தெரிந்தால், அந்த மாற்றத்தை ஒரே ஒரு முறை ரத்து செய்யலாம். ரத்தானால் அந்த நாற்பத்தொன்று தொழிற்பாடச் சராசரியில் சேராது. உரிய பாடத்தை எழுதித் தேற வேண்டும்.

அதைக் கேட்டுக் குழுவுக்கு மனு கொடுத்தாள். விசாரணைக்கு மூன்று நாள் முன்பு சாப்பிடும்போது சொன்னாள். "பெரியப்பா, அங்க ஃபைலைப் படிப்பாங்க. நீங்க வரணும்னு இல்ல."

வருவேன் என்றேன்.

அந்த அறை இரண்டாம் மாடியில் இருந்தது. நீள மேசை, ஒரு தண்ணீர்க் குடுவை, ஏழு தம்ளர். குடும்பத்தார் பார்வையாளர்கள் மட்டுமே, கேட்டாலொழியப் பேசக்கூடாது என்று அச்சடித்த தாளை எழுத்தர் என்னிடமும் தம்பியிடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். தம்பி லாரிக்காரனுக்கே உரிய பெரிய கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

தலைவர் கடினமானவர் அல்ல. சராசரியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். புள்ளி நான்கு ஒரு பெரிய விஷயமில்லை, குழு விரும்பினால் முழுமையாக்கிக் கொடுத்துவிடலாம், பழைய உதாரணங்கள் இருக்கின்றன என்றார். தம்பி நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"வேண்டாம் சார்," என்றாள் டீச்சர். "நாளைக்கு நானும் பிள்ளைங்களுக்கு மார்க் போடணும். ஒருத்தனுக்கு மட்டும் கூட்டிப் போட்டா, மத்தவன் கேப்பானே. கையேட்டுல வழி இருக்கு, அது போதும்."

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஆலோசகர் அம்மாவைப் படிக்கச் சொன்னார்.

அவர் படித்தார். தேதி, நேரம், வந்தவர் மாணவியின் பெரியப்பா. அதன் பிறகு நான் சொன்னது சொன்னபடி: "எங்க வீட்டுப் பொண்ணு சின்னப் பிள்ளைக் கணக்குப் படிக்க இங்க வரல. எங்க தரம் வேற." கீழே அவருடைய குறிப்பு: மாணவி இந்தச் சந்திப்பில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, மாற்றத்தைப் பரிந்துரைக்கவில்லை.

என் வாக்கியம் அடுத்தவர் கையெழுத்தில் இருந்து, அடுத்தவர் குரலில் வந்தது. எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

"விண்ணப்பம் உன் விருப்பத்துல எழுதினதாம்மா?" என்று தலைவர் பெண்ணைக் கேட்டார்.

"கையெழுத்து என்னோடதுதான் சார்."

"அதைக் கேக்கல. விருப்பம் யாரோடது?"

"கையெழுத்து என்னோடது சார்," என்றாள் மறுபடியும். மேசையைப் பார்த்தபடியே இருந்தாள்.

என்னோடது இல்லை என்று சொன்னால் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் பெரியப்பாவைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியவில்லை. ஆலோசகர் அம்மா ஃபைலை மூடினார். தம்பி என் முழங்காலைத் தொட்டான். எழுந்திரு என்றா, வேண்டாம் என்றா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

நான் கையைத் தூக்கினேன். எழுத்தர் அச்சடித்த தாளைக் காட்டினார். தலைவர் பரவாயில்லை என்று தலையசைத்தார். எழுந்து நின்றேன்.

"விண்ணப்பத்தை எழுதினது என் கை. ஒப்பிட்டுப் பாருங்க, இப்பவே நாலு வரி எழுதித் தரேன். அவளுக்கு விருப்பம் இல்ல. நான் அவளைக் கேக்கவும் இல்ல. இந்த அம்மா சரியாச் சொன்னாங்க, நான் தப்பாப் புடிவாதம் புடிச்சேன். குறிச்சுக்குங்க."

எழுத்தர் குறித்துக்கொண்டார். உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் நான் பிறர் தவறைத்தான் எழுதியிருக்கிறேன். என் தவறை இன்னொருவர் எழுதுவதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தலைமையாசிரியை முன்னால் நகர்ந்தார். ரத்து செய்வது இருக்கட்டும், இந்த இரண்டு பாடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இவளுக்குத் தெரியுமா, அதைச் சொல்லட்டும், என் பள்ளிக்கு அனுப்பப் போகிற பெண் அல்லவா என்றார். பிறகுதான் தெரிந்தது, ஒரு பருவம் முழுக்க டீச்சர் பெயர் பதியாமல் அந்தச் சின்னப் பிள்ளைக் கணக்கு வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள் என்று. எங்களிடம் நூலகம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, ஆறை அரையால வகுத்தா எவ்வளவு?"

"பன்னிரண்டு," என்றேன் உடனே.

"எப்படி வந்தது?"

"அரையைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்."

"ஏன் தலைகீழாப் போடணும்?"

எனக்குத் தெரியவில்லை. அறுபது வருடம் முன்பு அப்படிச் செய் என்றார்கள், செய்தேன்.

"சரி, ஆறு கிலோ சர்க்கரை இருக்கு. அரைக் கிலோ பொட்டலமாப் போடுறீங்க. எத்தனை பொட்டலம்?"

"பன்னிரண்டு." சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு கிலோவில் இரண்டு அரை அடங்கும். அதனால்தான் இரண்டால் பெருக்குகிறோம். அவ்வளவுதான்.

"அந்தப் பெரிய பாடத்துல இந்த 'ஏன்' வராது மேடம்," என்றாள் தலைமையாசிரியையிடம். "பத்து வயசுப் பிள்ளை இதைத்தான் கேக்கும்."

தலைமையாசிரியை நாற்காலியைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். "ஐயா, அரைக் கிலோக் கல்லை எத்தனை வருஷம் தூக்கியிருக்கீங்க?"

"முப்பத்தாறு."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆலோசகர் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன் என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம்.

முடிவைத் தலைவர் சொன்னார். மாற்றம் ரத்து. விடுமுறையில் நடக்கும் ஆறு வார வகுப்பில் உரிய பாடத்தை எழுத வேண்டும். அதில் அறுபத்தைந்துக்கு ஒரு மதிப்பெண் குறைந்தாலும் இந்தக் குழு மறுபடி கூடாது.

"கூட வேண்டியிருக்காது சார்," என்றாள்.

ஆறு வாரம் எங்கள் வீட்டு மேசையில் காகிதக் கீற்றுகள் கிடந்தன. அரை, கால், மூன்றில் ஒன்று, எட்டில் மூன்று. என் தினசரியையே வெட்டினாள். நான் செய்தியைப் பாதி பாதியாகத்தான் படித்தேன். எதிரில் உட்காரவைத்து, தெரியாதவனைப் போலக் கேள்வி கேட்கச் சொன்னாள். 'போல' என்பது அவளுடைய மரியாதை. பாதிக் கேள்விகளை நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

தொண்ணூற்று மூன்று வாங்கினாள். அந்த வகுப்பில் அதற்கு மேல் யாருமில்லை. பத்துப் பாடங்களின் சராசரி அறுபத்தொன்பது புள்ளி எட்டு. ஆலோசகர் அம்மா அதைத் தன் கையால் ஃபைலில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டதாக டீச்சர் சொன்னாள்.

நான்காம் வருடம் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். பின்னம் நடத்தும் வாரத்தில் அரைக் கிலோக் கல் வேண்டும் என்றாள். பழைய கல்லெல்லாம் துறையின் சொத்து, நான் ஒன்றும் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அல்ல. கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு வாங்கினேன். கீழே முத்திரையைப் பார்த்துத்தான் வாங்கினேன். பயிற்சியின் கடைசி நாளில் பெற்றோரை வரச் சொன்னார்கள். பின்வரிசையில் குட்டி நாற்காலியில் நானும் தம்பியும் தம்பி மனைவியும் உட்கார்ந்தோம். முப்பத்து நான்கு பிள்ளைகள். டீச்சர் தராசைத் தூக்கிப் பிடித்துக் கேள்வி கேட்டதும் எல்லாக் கைகளும் மேலே போயின. ஒரு வாண்டு, "டீச்சர், கடைக்காரர் கல்லே தப்பா இருந்தா?" என்றது.

"அதைப் பாக்க ஒருத்தர் வருவார்," என்றாள் டீச்சர், என் பக்கம் பார்க்காமல். "அவர் விடவே மாட்டார்."

தம்பி அழுதான். நான் அழவில்லை.

பட்டம் வாங்குவதற்கு முன்பே, இவளை என் பள்ளிக்கே கொடுங்கள் என்று தலைமையாசிரியை கல்லூரிக்கு எழுதினார். இப்போது அவளுக்கு அங்கே நிரந்தர வேலை. எங்கள் குடும்பத்தின் முதல் ஆசிரியை.

இனி, ஆரம்பத்தில் சொன்ன விஷயம். கல்யாண வீடுகளில் ஒரு பேச்சு நடக்கிறது. அன்று தாய்மாமன் கீழேயிருந்து ஒரு பெரிய மனிதருக்குப் போன் போட்டார், அதன் பேரில் குழு புள்ளி நான்கைக் கூட்டி அறுபத்தைந்தாக்கியது என்று. விசாரித்தேன். அன்று அவருடைய போனில் சார்ஜ் இல்லை. காவலாளியிடம் சார்ஜர் கேட்டு, இல்லையென்றதும் வண்டியில் படுத்துத் தூங்கினார். யாருக்கும் யாரும் போன் போடவில்லை. யாரும் எதையும் கூட்டவில்லை. நாற்பத்தொன்று அவளுடைய மதிப்பெண் பட்டியலில் இன்றும் அப்படியே இருக்கிறது. வேண்டுவோர் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.