தவிட்டு மூட்டைக்கு ஒரு கட்டம்

திங்கட்கிழமையிலிருந்து எனக்குக் காலை ஷிப்ட். கஞ்சிக்கோட்டில் நான் வேலை செய்யும் பிஸ்கட் கம்பெனியில் ஆறரைக்குக் கார்டு தேய்க்க வேண்டும். நல்லேப்பிள்ளியிலிருந்து எனக்கு முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான். வர முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார் சூப்பர்வைசர் நிமி மேடம். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் என் சம்பளத்துக்கு அடங்கிய ஒரு கார் வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் மாலை வகுப்புக்குப் போகிறேன். தரக் கட்டுப்பாடு சொல்லித்தருகிறார்கள். எதையும் தேர்ந்தெடுக்கும் முன் கட்டம் போட்டு மதிப்பெண் கொடு. சோதனை செய்த நிலைமையை நடுவில் மாற்றாதே. இதுவரை எனக்கு விளங்கிய பாடம் இந்த இரண்டுதான். அதனால் நோட்டில் பதினான்கு கட்டம் போட்டேன். அப்பா சின்னையன் எட்டிப் பார்த்து, பதினைந்தாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: டிக்கியில் தவிட்டு மூட்டை கொள்ளுமா? எங்கள் வீட்டில் இரண்டு மாடுகள்.

முதலில் பார்த்த ஜீப் எழுபத்தொன்று வாங்கியது. அடுத்து பார்த்த கரண்ட் கார் அறுபத்தெட்டு. சார்ஜ் செய்ய எங்கள் வீட்டு வயரிங் தாங்காது என்பதற்காக அதன் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். வயரிங் எங்கள் குற்றம், காரின் குற்றம் இல்லையே என்று ராத்திரி தோன்றி, மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன். அதுவும் எழுபத்தொன்று ஆனது.

மூன்றாவது, சபியா அக்காவின் வெள்ளை ஆல்டோ. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுத் துணிக்கடைக்குப் பத்து வருடம் அதில் போய்வந்தவர். கடையை இப்போது வீட்டு மாடிக்கே கொண்டுவந்துவிட்டதால் விற்கிறார். ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போனோம். அப்பா ஒரு தவிட்டு மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். டேப் வைத்து அளந்தால் போதுமே என்றேன். டேப்பை மாடு தின்னாது என்றார்.

நான் நோட்டைத் திறக்கும் முன்பே சபியா அக்கா தன் நோட்டைத் திறந்தார். கார் கேட்டு வந்த ஆறு பேரின் பெயர்கள், எதிரே காரணம். 'போன் பேசிக்கொண்டே ஓட்டினார்.' 'கதவை உதைத்துச் சாத்தினார்.' ஆறையும் கோடு போட்டு அடித்திருந்தார்.

"ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கேன் புள்ள. காசு யாரு வேணா குடுப்பாங்க. வாய்க்கால்ல விடாம ஓட்டறவங்களுக்குத்தான் சாவி."

எனக்கு லைசென்ஸ் கிடைத்தது மூன்றாவது முறையில். கம்பி நட்ட மைதானத்தில் எச் எழுத்துப்போல் வண்டியை எடுக்கும் தேர்வில், கண்ணாடியில் கம்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் பின்னால் எடுத்தேன். கம்பி இல்லாத இடத்தில் பின்னால் எடுத்ததே இல்லை. இதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது. சபியா அக்காவிடம் சொல்லவும் இல்லை.

கம்பெனி வரை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. சபியா அக்கா முன் சீட்டில், அப்பாவும் மூட்டையும் பின் சீட்டில்; டிக்கியை ஓட்டிப் பார்த்த பிறகு திறப்பதாகப் பேச்சு. வாய்க்கால் மேட்டு ரோட்டில் எதிரே அறுப்பு மிஷின் வந்தது, ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் சேற்று வயல். ஒதுங்க இடமிருந்த பாலம் எங்களுக்குப் பின்னால் நூறு அடி தள்ளி. மிஷின்காரர் ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டினார்.

சபியா அக்கா நோட்டை மடியில் விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். எனக்கு வழி காட்டத்தான் என்று நினைத்தேன். அவர் மூட்டையை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கப்பா, எங்க போறீங்க?"

"வண்டி வாய்க்கால்ல எறங்குனா தவுடு நனைஞ்சு போயிருமல்லோ. பாலத்துல வெச்சுட்டு வந்தர்றேன்."

"அப்ப நான் நனைய மாட்டனாக்கும்?"

"உனக்கு நீச்சல் தெரியுமல்லோ கண்ணு."

கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவைவிட அந்த வெள்ளைச் சாக்குதான் தெரிந்தது. ரோட்டின் நடுவே, ஆடாமல், நேராகப் போய்க்கொண்டிருந்தது. எச் மைதானத்துக் கம்பிகூட அவ்வளவு நேராக நின்றதில்லை. ரிவர்ஸ் போட்டேன். சாக்கைக் கண்ணாடியின் நடுவிலேயே வைத்துக்கொண்டு மெல்லப் பின்னால் போனேன். அப்பா நின்று மூச்சு வாங்கினார், நானும் நின்றேன். மிஷின் சத்தத்தில் நான் வருவதே அவருக்குத் தெரியாது. பாலத்தில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பியவர், முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி பம்பரைக் கண்டு, "அடக் கெரகமே" என்று மூட்டைமேலேயே உட்கார்ந்தார்.

மிஷின் உரசாமல் போயிற்று. சபியா அக்கா எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'மெதுவாக. ஆனால் நேராக.' அடிக்கவில்லை.

"சாவி உனக்குத்தான்" என்றார்.

சாயங்காலத்துக்குள் மதிப்பெண் கூட்டிப் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"கூட்டிக்கோ. சாயங்காலம் எட்டாவது ஆளு வர்றாரு."

அங்கேயே, பாலத்தின்மேலேயே, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அப்பா மூட்டையை டிக்கியில் வைத்துச் சாத்தினார். கொண்டது.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, ஆறு பத்தொன்பதுக்குக் கம்பெனி கேட்டில் நின்றேன். செக்யூரிட்டி குருசாமி அண்ணன் டிக்கியைத் திறக்கச் சொன்னார். தவிடு எதற்கு என்றார். மூட்டையோடு சோதித்த கார், மூட்டை இல்லாமல் எப்படி ஓடுமென்று இன்னும் தெரியாது என்று விளக்கினேன். அவர் ரிஜிஸ்டரில் எழுதினார்: 'தவிடு, மூட்டை ஒன்று, சொந்த உபயோகம்.'

ஆறு இருபத்தைந்துக்குக் கார்டு தேய்த்தேன். அப்பா போனில் கூப்பிட்டார்.

"கண்ணு, நேரத்துக்குப் போயிட்டியா?"

போய்விட்டேன் என்றேன்.

"சந்தோசம். மாட்டுக்கு என்னத்தக் கலக்கறது?"