வெயிலில் வைத்த தண்ணீர்

கணக்கெழுதும் கருணாகரன் கிராணி முதலாளி தவுக்கேவுக்குக் கட்ட வேண்டியது நாற்பத்திரண்டு வெள்ளி அறுபது காசு. அவர் கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. மூன்று வாரம் ரப்பர் பாலுக்குக் கொடுத்த காசுக்குக் காய்ந்த ரப்பர் எடை வரவில்லை. பால் கொண்டுவருகிறவர்களோடு சேர்ந்து அளவைக் கூட்டி எழுதிவிட்டார் என்று தவுக்கே அவர் தலையில் போட்டுவிட்டான். சனிக்கிழமைக்குள் கட்டு, இல்லையென்றால் வேலைக்கு வராதே.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்து இரண்டு மாதம் இருக்கும். காஜா பேராங்கில் எங்கள் பால் கொட்டகை. குருபோங் தோட்டங்களிலிருந்து சைக்கிளில் பால் வந்து சேர உச்சிவேளை ஆகிவிடும். வாளி கழுவுவது, தண்ணீர் சுமப்பது என் வேலை. ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்கிற கண்ணாடிக் குழாயைக் கிராணி மிதக்கவிடுவார். ரப்பர் அதிகம் இருந்தால் குழாய் அதிகம் இறங்கும். இறங்கிய எண்ணுக்குத்தான் காசு.

"கிராணி, நம்ம மரமெல்லாம் கன்னு போட்ட மாடு மாதிரியில்ல கறக்குது" என்று சேதுபதி கேலி பண்ணினான். அவன் பால் கொண்டுவருகிறவன், எண் ஏறினால் அவனுக்கு லாபம்.

செவ்வாய்க்கிழமை காலையில் மெட்ரோலாக் குழாயைச் சோதிக்க, தவுக்கே அனுப்பிய ஓர் ஆள் வந்தார். நான் அப்போதுதான் இறைத்து வந்த தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தார்.

"குழாய் சரியாத்தான் இருக்கு. இது எண்பத்திநாலு டிகிரி பாரன்ஹீட்டுக்குச் செஞ்சது. சூடு ஏறினா குழாய் அதிகமா அமுங்கும், இல்லாத ரப்பரைக் காட்டும். டிகிரிக்கு இவ்வளவுன்னு கழிக்கணும். கழிக்கிறீங்கதானே?"

"கழிக்கிறேன்" என்றார் கிராணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

என் கண் முற்றத்து டிரம் பக்கம் போனது. முன்பு தண்ணீர் நிழலில், தெம்பாயான் என்கிற மண் ஜாடியில் இருக்கும். அது உடைந்த பிறகு, கம்போங் செட்டிக் கிணற்றுக்கு உச்சிவெயிலில் நடக்க முதுகு கேட்கவில்லை. விடியற்காலையிலேயே தகர டிரம்மை நிரப்பி முற்றத்து வெயிலில் விட்டுவிடுவேன். குவே பலகாரம் விற்க வரும் கம்போங் செட்டிப் பெரியம்மா சிவகாமசுந்தரி பிபிக் ஒருநாள் அதில் கை கழுவிவிட்டு, "நல்லையா, இதில் கோப்பியே கலக்கலாம்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

டிரம்மைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அறுபது வெள்ளிச் சம்பளம், வீட்டில் ஆறு வாய். அன்று சாயங்காலமே டிரம்மை உருட்டிக் கூரைக்குள் வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கிராணிக்குச் சோறு கொண்டுவந்தது அவர் சம்சாரம் பூங்காவனம். காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தது. "சாப்டீங்களாண்ணே?" என்று என்னைக் கேட்டது. தலையை ஆட்டினேன். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

சனிக்கிழமை கிராணி பணத்தை மேசையில் வைத்தார். தவுக்கே எண்ணி முடித்தான். அப்போது போய் நின்று, எனக்குத் தெரிந்த மலாயில் டிரம் கதையைச் சொன்னேன்.

"உன் முதுகுவலிக்கு நான் காசு கொடுக்கணுமா?" என்றான் தவுக்கே.

கிராணி பேசாமல் இருந்திருந்தால் பழி முழுக்க என்மேல் வந்திருக்கும். அவர் மேசை டிராயரைத் திறந்து, சூடு பார்க்கும் குழாயின் உறையை எடுத்துக் கவிழ்த்தார். உடைந்த கண்ணாடிதான் விழுந்தது.

"போன மாசமே உடைஞ்சுது, தவுக்கே. சம்பளத்துல பிடிச்சுக்குவீங்கன்னு சொல்லல. பழைய சூட்டுக்குக் கழிச்ச மாதிரியே தினமும் கழிச்சேன்."

தவுக்கே எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். ஆளுக்குப் பாதி என்று சொல்லி, இருபத்தொரு வெள்ளி முப்பது காசைக் கிராணி பக்கம் தள்ளினான்.

அதை எடுத்துக்கொண்டு, பூங்காவனத்தின் தோட்டை விற்ற நகைக்கடைக்கு இருவரும் ஓடினோம். தோட்டை வியாழக்கிழமையே உருக்கிவிட்டார்களாம்.

"செவ்வாக்கிழம நீங்க சொல்லியிருந்தா, நானும் அன்னிக்கே சொல்லியிருப்பேண்ணே" என்றார் கிராணி. கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருக்கலாம்.

நவம்பர் சம்பளத்தில் எனக்குப் பத்து வெள்ளி பிடித்தான். டிசம்பரில் மீதி பதினொன்று முப்பது. என் பேருக்கு நேரே கோடு கிழித்து, "ஹாபிஸ், முடிஞ்சது" என்றான் தவுக்கே. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.