வாய்த்துணி

1957 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. மட்டாஞ்சேரி பஜாரை ஒட்டியிருந்த தர்ம ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு கட்டில்களும் ஐம்பத்தொரு காய்ச்சல்காரர்களும் இருந்தார்கள்.

கட்டில் கிடைக்காதவர்கள் பாயில் கிடந்தார்கள். பாய்க்கும் பாய்க்கும் நடுவே கால் வைக்க இடம் தேடித்தான் சீனியம்மாள் துடைப்பத்தை ஓட்டினாள். முக்கால்வாசிப் பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். கப்பலில் வந்த காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு தகரக் குவளை இருந்தது. சளியை அதில் துப்புவார்கள். அவற்றை எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பது சீனியம்மாளும் மாயம்மாளும்.

அன்று காலை கம்பவுண்டர் அபூபக்கர் இரண்டு பேரையும் மருந்தறை வாசலுக்குக் கூப்பிட்டார். புண்ணுக்குக் கட்டும் சல்லாத்துணியை நாலாக மடித்து, ஓரம் தைத்து, முனைகளில் நாடா வைத்த துண்டுகள் இரண்டு அவர் கையில் இருந்தன.

"சீனியக்கா, இத வாயும் மூக்கும் மூடிக் கெட்டணும். டாக்டரோட ஆர்டராக்கும். வார்டுல நிக்கிற நேரம் அவுக்கப்படாது."

"வெத்தல எந்த வழியாப் போடுறதாம்? காது வழியாவா?" என்றாள் மாயம்மாள்.

"சாகாம இருந்தா நாளைக்கும் போடலாம், மாயக்கா."

சீனியம்மாள் சிரிக்கவில்லை. "நர்சம்மாமாருக்கு?"

"துணி இவ்வளவுதான் வந்துச்சு. குவளை எடுக்குறது நீங்கதானே? அதான் உங்களுக்கு மொதல்ல."

"அப்போ வாயைப் பொத்த வேண்டியது நாங்க ரெண்டு பேரு மட்டும்."

அபூபக்கருக்கு அது விளங்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் பண்ணையார் வீட்டு வாசலில் அவள் அப்பன் எப்போது பேசினாலும் இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவான். அவன் மூச்சு பண்ணை வீட்டார் மேல் பட்டுவிடக்கூடாது. பன்னிரண்டு வயதில் அவளும் அப்படி நின்றிருக்கிறாள். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்த பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது. இந்த ஆஸ்பத்திரியில் பீயை அள்ளச் சொன்னார்கள், அள்ளினாள். எச்சிலைக் கொட்டச் சொன்னார்கள், கொட்டினாள். வாயைப் பொத்து என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. துணியை இடுப்பில் செருகிக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

பத்து மணிக்கு டாக்டர் வெங்கிடராமன் வந்தார். பாலக்காட்டு அக்ரகாரத்துக்காரர். மூட்டைத் தூக்கியின் அழுக்குக் கையையும் தயங்காமல் பிடித்து நாடி பார்ப்பார். அந்த மட்டில் சீனியம்மாளுக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

"எங்கே மாஸ்க்? கொடுத்தாளோல்லியோ?"

"குடுத்தாங்க சாமி. இடுப்புல இருக்கு."

"இடுப்புக்கா காய்ச்சல் வரப்போறது?"

பாயில் கிடந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சீனியம்மாள் குவளையைக் கீழே வைத்தாள்.

"சாமி மொதல்ல கட்டுங்க. அப்புறம் நான் கட்டுதேன்."

சிரிப்பு நின்றது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேக்கு மூச்சு முட்டும். பதினெட்டு வருஷமா இருமறவா நடுவுலேதான் நிக்கறேன். நேக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாய்க்குப் போனார்.

அன்று சாயங்காலம் கும்பளங்கியிலிருந்து ஒரு மீன்காரன் தன் பெண்டாட்டியைக் கொண்டுவந்து சேர்த்தான். எட்டு மாதக் கர்ப்பிணி. வரும்போது நடந்துதான் வந்தாள். மறுநாள் நடுப்பகலில் அவள் உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆயிற்று. மூன்று மணிக்கு மூச்சு நின்றது. கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்த சீனியம்மாள் நிமிர்ந்தபோது விரிப்பால் மூடியிருந்தார்கள். வயிறு மட்டும் மேடாகத் தெரிந்தது.

அவள் நேரே மருந்தறைக்குப் போனாள்.

"மாசமா இருக்கவளுக்கு இது கூடுதலா வருமா, கம்பவுண்டரே?"

"வந்தா தாங்கமாட்டாங்க, அக்கா. இது மூணாமத்தவ." அபூபக்கர் சீசாவை மூடினார். "வீட்டுல யாராச்சும் உண்டா?"

சீனியம்மாளின் ஒரே மகள் பேச்சிக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு வளையல் போட்டு, பள்ளுருத்தியில் தன் வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இடுப்பிலிருந்து துணியை உருவி அங்கேயே நின்று கட்டிக்கொண்டாள்.

"என்னடி, சாமிக்குப் பயந்துட்டியா?" என்றாள் மாயம்மாள்.

"சாமிக்கு எதுக்குப் பயப்படணும்? எம் பிள்ள இருக்கா வீட்டுல."

மறுநாள் மாயம்மாளும் கட்டிக்கொண்டாள். "நீ கட்டிட்டா, ஒனக்கு வர வேண்டியதும் சேந்துல்ல எனக்கு வரும்" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் துணி எச்சிலிலும் வியர்வையிலும் நனைந்து கனத்துவிடும். பின்கட்டில் துணி வெளுக்கிற சங்கிலிப்பாண்டி நோயாளிகளின் விரிப்புகளைச் சலவைக் காரம் போட்டுப் பெரிய அண்டாவில் வேகவைப்பான். சீனியம்மாள் துணியை நீட்டினாள்.

"இதயும் அதுல போடு, அண்ணாச்சி."

"ஒங்க வாயில கட்டுனதயா? நான் தொட்டேன்னு தெரிஞ்சா டாக்டர் வீட்டு வேட்டி, நர்சம்மா சேலை எல்லாம் எவ எங்கிட்டப் போடுவா?"

"விரிப்புல ரத்தமும் சளியும் இருக்கே."

"இருக்கு. யாரு சளின்னு எனக்குத் தெரியாதுல்ல? இது யாருதுன்னு தெரியும்."

அபூபக்கர் வந்து சொல்லிப் பார்த்தார். அவன் அசையவில்லை. "நான் பின்ன பேசுறேன், அக்கா. இப்போ வீட்டுல கொண்டுபோயி நல்லா வேகவச்சு உணத்திக்கோங்க" என்றார்.

விடாத மழைக்காலம். விறகெல்லாம் ஈரம், கஞ்சி வைப்பதற்கே ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். சீனியம்மாள் வீட்டுக்கு வந்தால் மகளுக்கு எதிரே உட்காருவதில்லை. வாசல் ஓரமாக முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு சாப்பிட்டு, அங்கேயே சுருண்டுவிடுவாள். ஆத்தாள் இப்படி ஒதுங்குவதைப் பார்த்துப் பேச்சிக்கு மனசு கேட்கவில்லை. ஆத்தாள் தூங்கின பிறகு அந்தத் துணியை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கசக்கி, அடுப்புக்கு மேலே கொடியில் விரித்துவிடுவாள். காலையில் மூக்கில் வைத்து மோந்து பார்த்துத்தான் கையில் கொடுப்பாள்.

"நாத்தம் போயிருச்சும்மா. சோப்பு வாசந்தான் இருக்கு."

"வேகவச்சியா?"

"வச்சேன், வச்சேன். நீ கெளம்பு."

ஐந்து நாள் இப்படி நடந்தது.

18ஆம் தேதி காலை பேச்சியால் எழுந்திருக்க முடியவில்லை. சீனியம்மாள் அவளைக் கைரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். இரண்டாவது கட்டுத் துணி வந்து சேர்ந்திருந்தது. முந்தின நாள் ஒரு நர்ஸ் காய்ச்சலில் விழுந்திருந்தாள். டாக்டரின் முகத்திலும் வாய்த்துணி இருந்தது. அவர் பேச்சியின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஆத்துல வேற யாருக்காவது காய்ச்சல் உண்டோ?"

"இல்ல சாமி. நான் கிட்டப் போகவே இல்ல. கட்டித்தான் இருந்தேன்."

"அந்தத் துணியை யார் தோய்ச்சா?"

"நாந்தான்" என்றாள் பேச்சி, இருமலுக்கு நடுவே. "விறகு பத்தலைம்மா. பச்சத் தண்ணியிலதான்..."

டாக்டர் அபூபக்கரைப் பார்த்தார். "இங்கே ஏன் வேகவைக்கலை?"

அபூபக்கர் பின்கட்டுப் பக்கம் பார்த்தார். டாக்டரும் மறுபடி கேட்கவில்லை.

பேச்சி ஜூன் 20, வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு இறந்தாள். குழந்தையும் பிழைக்கவில்லை. சனிக்கிழமை முதல் எல்லா ஊழியர்களின் வாய்த்துணிகளையும் மருந்தறை ஸ்டவ்வில் அபூபக்கரே வேகவைத்தார். சீனியம்மாள் திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள்.