தேரைகளுக்காக விளக்கணைத்த பஸ்

எனக்குத் தூக்கம் என்றால் உயிர். விடிகாலை ஐந்து மணிக்கு மில் பஸ்ஸில் ஏறி ஜன்னலில் தலையைச் சாய்த்தால், தாடிக்கொம்பு தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிடும். வண்டியில் இருந்த முப்பது பெண்களும் அப்படித்தான். வேடசந்தூர்ப் பக்கம் மில் வாசலில் வண்டி நின்று இன்ஜின் அடங்கியதும், உடம்பு தானாக எழுந்து டிபன் பாக்ஸோடு இறங்கும். கண் அப்புறம்தான் முழிக்கும். மில்லுக்குள் செருப்பு கூடாது என்பதால் அதையும் வண்டியிலேயே கழற்றிவிடுவோம்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் ஒருநாள் இன்ஜின் அடங்கியது, நான் இறங்கினேன். என் பின்னால் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். காலுக்கடியில் ஈரத் தார். குளத்துப் பாசி வாசம். மில்லுக்குள் எப்போது தண்ணீர் புகுந்தது என்று அரைத்தூக்கத்தில் யோசித்தேன்.

அப்போது என் பாதத்தின் மேல் குளிர்ச்சியாக ஏதோ ஏறியது. கொஞ்சம் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் இறங்கிப் போனது. பின்னாலேயே இன்னொன்று. விடியாத வெளிச்சத்தில் ரோடே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தேரையும் தவளையுமாக நூறோ ஆயிரமோ, தோட்டத்திலிருந்து எதிர்ப்பக்கக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் கல் மாதிரி நின்றேன். சுகமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

டிரைவர் கஸ்பார் அண்ணன் வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"லைட்டப் பாத்தா அப்படியே உக்காந்துருதுக பொன்னழகு. அணைச்சாத்தேன் நகருதுக. செத்த நேரம் பொறு."

"ஆறு மணிக்கு கேட்ட மூடிருவாய்ங்கண்ணே!"

"தெரியும் தாயி. ரோட்ட அகலமாக்குனதுலருந்து ராத்திரியெல்லாம் லாரி. மிச்சம் இருக்குறதாவது போயி முட்டை போடட்டும். அதுகளுக்கும் ஷிப்டு இருக்குல்ல."

கேட்டை மூடிவிட்டார்கள். வருஷம் முழுக்க ஒருநாள்கூடத் தவறாமல் வேலைக்கு வந்தால் பொங்கலுக்கு எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள், பெயர் வெட்டி. அந்த ஒரு நாளில் என் குடம் போயிற்று. எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. 'டிரைவர் வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு விளையாடுகிறார்' என்று ஆபீஸுக்கு மனு எழுதி, முதல் கையெழுத்தையும் நானே போட்டேன். கஸ்பார் அண்ணனை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, ஷெட்டில் பஸ் கழுவும் வேலைக்குப் போட்டார்கள்.

மறுவருஷ ஐப்பசியில் மோகன்குமார் என்று ஒரு இளவட்டம் வண்டி ஓட்டினான். நேரம் தவறாத பையன். முதல் மழைக்கு மறுநாள் குளத்தோரம் வந்ததும் சக்கரத்துக்கடியில் சத்தம் கேட்டது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி, ஆனால் ஈரமாக. முப்பது பேரும் முழித்துக்கொண்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் முன்னதாகவே மில்லுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஷிப்டு முடிந்து ஷெட்டுப் பக்கம் போனேன். கஸ்பார் அண்ணன் ஈரத்தரையில் உட்கார்ந்து, தேங்காய் நாரால் டயர் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டியைக் கழுவுகிறவர் அவர்தானே என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

"அண்ணே, அந்த மனுவ எழுதுனது நாந்தேன்."

"தெரியும். ஒங் கையெழுத்துத்தான மொதல்ல இருந்துச்சு." நாரை வாளியில் அலசினார். "இன்னைக்குக் கொஞ்சந்தேன் தாயி. வாரதே கொறஞ்சு போச்சு."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் மறுபடி டயர் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அழுதேன்.

கார்த்திகையில் இன்னொரு மழை பெய்தது. அந்த வருஷக் குடத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள்தான் இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் நான் தூங்கவே இல்லை. குளம் நெருங்கியதும் எழுந்துபோய் மோகன்குமார் தோளைத் தட்டினேன்.

"தம்பி, வண்டிய நிறுத்து. லைட்ட அணை."

"அக்கா, கேட்ட மூடிருவாய்ங்க."

"மூடட்டும். எம்மேல மனு எழுது."

என் முகத்தைப் பார்த்தான். வண்டியை ஓரங்கட்டி லைட்டையும் அணைத்தான். இன்ஜின் அடங்கியதும் வழக்கம்போல எல்லோரும் எழுந்து தூக்கத்தோடு இறங்கினார்கள், டிபன் பாக்ஸும் வெறுங்காலுமாக. கண் முழித்தபோது குளத்தோரம் நின்றுகொண்டிருந்தார்கள். பின் சீட்டு கிளாரா மட்டும் முந்தானையை வீசிக்கொண்டே போய், வருகிற லாரிகளை நிறுத்தினாள்.

காத்திருந்தோம். ஈரத் தார் வெறுமனே கிடந்தது. குளம் நிரம்பியிருந்தும் அதிலிருந்து ஒரு குரல்கூட வரவில்லை.

வெகுநேரம் கழித்துத் தோட்டப் பக்கமிருந்து ஒரு தேரை வந்தது. ரோட்டு நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து, அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை.

தூரத்தில் மில் சங்கு ஊதியது. யாரும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தேரை குளத்துக்குள்ளிருந்து கூப்பிட ஆரம்பித்தது. ஏதாவது ஒன்று பதில் கொடுக்கும் என்று நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.